கெர்னலுக்குள் சேர்த்த வைஃபை டிரைவருக்கு ஃபெர்ம்வேர் கிடைக்கவில்லை

கேள்வி, குடியாத்தம்:
அப்பாவின் லுங்கிக் கடைக்காகப் பழைய லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். அதன் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்து, வைஃபை டிரைவரைத் தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக, அதாவது மாட்யூலாக விடாமல் உள்ளேயே சேர்த்துவிட்டேன். இப்போது வைஃபை இல்லை. ஃபெர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று வருகிறது. கோப்பு லிப் ஃபெர்ம்வேர் ஃபோல்டரில் இருக்கிறதே! பெயரும் சரிதான்.

பதில், காட்பாடி:
தம்பி, -2 என்றால் கோப்பு இல்லை என்று அர்த்தம். கெர்னல் கேட்ட நேரத்தில் அது உண்மையிலேயே இல்லை. உள்ளே சேர்த்த டிரைவர், அந்தக் கோப்பு இருக்கும் ரூட் பார்டிஷன் மவுன்ட் ஆகும், அதாவது படிக்கக் கிடைக்கும் முன்பே ஃபெர்ம்வேரைக் கேட்டுவிடுகிறது. உங்கள் கடை ஷட்டர் திறக்கும் முன்பே ஒருவர் வந்து சரக்கு கேட்பது போலத்தான். மாட்யூலாக மாற்றிவிடு, அதுதான் நல்லது. உள்ளேதான் வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா ஃபெர்ம்வேர் கான்ஃபிக்கில் கோப்பின் பெயரைக் கொடு. அது கெர்னல் இமேஜோடு சேர்ந்துவிடும். ஆனால் ஃபெர்ம்வேர் புதுசாக வரும்போதெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பதில், ராணிப்பேட்டை:
பூட் ஆகும்போது மெமரியில் விரியும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் கோப்பை வைத்தாலும் போதும், டிரைவர் எழும் முன்பே அது விரிந்துவிடும். அப்புறம், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் புரோகிராம்தான் ஃபெர்ம்வேரை ஏற்றும் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2012இல் வந்த 3.7 பதிப்பு முதல் கெர்னலே கோப்பை நேராகப் படிக்கிறது.

கேள்வி, குடியாத்தம்:
மாட்யூலாக்கினேன், வைஃபை வந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. லேப்டாப்பை மூடித் திறந்தால் மறுபடி சிக்கல் வருமா?

பதில், காட்பாடி:
வராது. தூங்கப் போகும் முன் கெர்னல் அந்த ஃபெர்ம்வேரை மெமரியில் எடுத்து வைத்துக்கொள்ளும்.