பாய்லர் என் காசு, போர்டு அவர்கள் பெயர்: ஃபிரான்சைஸ் கடையைக் கைமாற்றத் தடை சரியா?

பல்லடம்_டீ:
ஒரு டீ பிராண்டின் ஃபிரான்சைஸ், அதாவது அவர்கள் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைக் கைமாற்றிவிட்டு ஊரோடு போய்விடலாம் என்று பார்க்கிறேன். வாங்க ஆள் தயார், அட்வான்ஸாக செக்கும் கொடுத்துவிட்டார். கம்பெனி மட்டும் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்கிறது. பாய்லர், மேசை, டைல்ஸ் எல்லாம் என் காசு. நான் போட்ட கடையை விற்க இவர்களை ஏன் கேட்க வேண்டும்?

முருங்கைக்காய்:
அதானே. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவே சொல்கிறது. விற்றுவிட்டுக் கிளம்புங்கள்.

கோர்ட்_வாசல்:
தனிச் சட்டம் இல்லை என்பதுதான் அவருக்குப் பாதகமே. இருந்திருந்தால் நியாயமான காரணமில்லாமல் மறுக்கக்கூடாது என்று ஒரு வரியாவது கிடைத்திருக்கும். இப்போது கையெழுத்துப் போட்ட பத்திரம்தான் சட்டம். பாய்லரை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அந்த போர்டுக்குக் கீழே நின்று டீ ஆற்றும் உரிமை அப்படியல்ல, வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரரைக் கேட்காமல் உள்வாடகைக்கு விட முடியுமா? 1999 வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் 54வது பிரிவைப் பாருங்கள். குறியைப் பயன்படுத்துபவர் என்று முறையாகப் பதிவு செய்தவருக்கே அதை இன்னொருவருக்கு மாற்றித்தரும் உரிமையை அந்தச் சட்டம் கொடுக்கவில்லை.

முருங்கைக்காய்:
சரி, கடையை விற்க வேண்டாம். பிரைவேட் லிமிடெட் ஆக்கிப் பங்கை விற்றால்? உரிமம் அந்தப் புது கம்பெனி பெயரிலேயே இருக்குமே.

கோர்ட்_வாசல்:
தனி ஆள் பெயரில் இருப்பதை பிரைவேட் லிமிடெட்டுக்குக் கொண்டுபோவதே ஒரு கைமாற்றம்தான். அது போகட்டும், பங்கு விற்கும் வழியை 1995லேயே ஒரு நிறுவனம் போய்ப் பார்த்துவிட்டது. குஜராத் பாட்டிலிங், அகமதாபாத்திலும் ராஜ்கோட்டிலும் கோகோ கோலாவுக்கு பாட்டில் நிரப்பிய நிறுவனம். அதன் பங்குகள் பெப்சி பக்கம் போயின. நிர்வாகக் கட்டுப்பாடு கைமாறும்படி முன் அனுமதியில்லாமல் பங்கு விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போயும் தடையுத்தரவு நீங்கவில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை இப்படிப்பட்ட கட்டுப்பாடு பொதுவாக 27வது பிரிவில் மாட்டாது என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தை மீறியவரே வந்து தடையை நீக்கக் கேட்பதையும் அது ரசிக்கவில்லை.

முருங்கைக்காய்:
முழுசாகச் சொல்லுங்கள். அந்தத் தடை, ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ் காலமான ஒரு வருஷத்துக்கு அந்த ஆலைகளில் வேறு பிராண்டை நிரப்பக்கூடாது என்பதுதான். விற்ற பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லையே? இவர் வெறும் டீக்கடையை விற்கிறார், போட்டிக் கம்பெனிக்கா விற்கிறார்?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் இரண்டு பேரும் தீர்ப்பில் நிற்கிறீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒருவர் கம்பெனிக்குத் தெரியாமல் பவர் எழுதிக் கடையைக் கொடுத்தார். நான்கு மாசம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை பில்லிங் மெஷினில் லாகின் போகவில்லை. டீத்தூள் லோடும் வரவில்லை. யாரும் கோர்ட்டுக்கே போகவில்லை! புது ஆள் பால் கேனை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு உரிமமும் பழையவர் பெயரில்தான். வாங்கியவர் தனியாக எடுத்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. டெபாசிட் இன்னும் திரும்பவில்லை.

முருங்கைக்காய்:
இதைத்தான் நானும் சொல்கிறேன், பிடி மொத்தமும் கம்பெனி கையில். விலகிய பிறகும் இரண்டு வருஷம் பக்கத்தில் டீக்கடை போடக்கூடாது என்று எழுதி வாங்குகிறார்களே, அதையும் ஆதரிப்பீர்களா?

கோர்ட்_வாசல்:
மாட்டேன். ஒப்பந்தம் முடிந்தபின் தொழிலே செய்யாதே என்பது பொதுவாக 27வது பிரிவில் அடிபடும். அங்கே உங்கள் பக்கம்தான். ஆனால் அவர்களுடைய பெயரையும் ரெசிபியையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பல்லடம், உங்கள் ஷரத்தில் சரியாக என்ன எழுதியிருக்கிறது?

பல்லடம்_டீ:
இப்போதுதான் எடுத்துப் படித்தேன். 17.2: வாங்க வருபவரின் விலையை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதே விலைக்கு வாங்க அவர்களுக்கு 30 நாள். அவர்கள் வேண்டாம் என்றால் பரிமாற்றக் கட்டணம் ஒன்றரை லட்சம், புது ஆளுக்குப் பயிற்சி. அனுமதி தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் போனில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், எழுத்தில் விலை சொல்லவே இல்லை.

முருங்கைக்காய்:
காரணம் சொல்லத் தேவையில்லையா? அதற்குப் போய்க் கையெழுத்துப் போட்டீர்களா!

பல்லடம்_டீ:
திறப்பு விழா அவசரம். நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் விலையை எழுதி அனுப்புகிறேன். வாங்குபவருடைய செக்கை வங்கியில் போடாமல் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். 30 நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதற்கே அப்புறம் ஒரு சண்டை வரும்.