முட்டித் தேய்மானம்: நடந்தால் வலி கூடுகிறது, நடையை நிறுத்தணுமா?

மாடிக்காற்று:
அம்மாவுக்கு 63 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலதில் அதிகம். டாக்டர் நடக்கச் சொன்னதால் மொட்டை மாடியில் 40 நிமிஷம் நடக்கிறார். மறுநாள் வலி கூடிவிடுகிறது. நடையை நிறுத்திவிடலாமா? தரையில் உட்கார்ந்து எழ முடியாது.

தசைநார்:
நிறுத்த வேண்டாம், பிரித்துக்கொள்ளுங்கள். காலை 10, மாலை 10 நிமிஷம் போதும். மாடிக்குப் போக வேண்டாம். நடையைவிடப் படி ஏறி இறங்குவதுதான் முட்டிக்கு அதிகச் சுமை. சமதளத்தில், மெத்தென்ற அடியுள்ள செருப்போடு நடக்கட்டும். நடந்து 2 மணி நேரம் கழித்தும் வலி இறங்கவில்லை, அல்லது மறுநாள் முட்டி வீங்குகிறது என்றால் அளவு அதிகம். பாதியாக்குங்கள்.

ஆனால் நடை மட்டும் முன்தொடைத் தசைக்குப் பலம் தராது. அது பலவீனமானால் அதன் பங்குச் சுமையும் மூட்டுக்கே போகிறது. அதற்குக் கட்டிலிலேயே செய்யலாம்: காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய டவல். முட்டியால் டவலை அமுக்கி 5 எண்ணி விடணும். ஒரு காலுக்கு 10 தடவை, இரண்டு வேளை. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும்.

அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணி, மெதுவாக இறக்கணும். தொப்பென்று போட்டால் பாதிப் பலன் போச்சு.

இரண்டு வாரம் இது சிரமமில்லாமல் போனால், நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, 5 தடவையில் தொடங்கி. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலிதான் பலருக்கும் வில்லன்; கெட்டியான தலையணை போட்டு உயர்த்துங்கள். எழும்போது முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது.

வெந்நீர்ப்பை:
ஒன்று சேர்க்கிறேன். அந்த டவல் பயிற்சிக்கு மட்டும்தான். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே தூங்கினால் சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுசாக நீளாது. விறைப்பு இருந்தால் பயிற்சிக்கு முன் 15 நிமிஷம் வெந்நீர் ஒத்தடம். வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ்.

காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?

மாடிக்காற்று:
பத்துப் பதினைந்து நிமிஷம்.

வெந்நீர்ப்பை:
தேய்மானத்தில் அவ்வளவுதான் இருக்கும். ஒரு மணி நேரம் தாண்டினாலோ, கைவிரல் மூட்டுகளும் வீங்கினாலோ அது முடக்குவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். முட்டி திடீரெனச் சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் பயிற்சியெல்லாம் இல்லை, அன்றே டாக்டர்.

தசைநார்:
கைத்தடி எடுத்தால் இடது கையில். வலி வலதில் என்பதால் வலக் கையில் பிடிக்கத் தோன்றும், அது தவறு. கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரணும். படியைத் தவிர்க்க முடியாதபோது ஏற இடது கால் முதலில், இறங்க வலது கால் முதலில்.