பக்கவாத ஆய்வு: நோயாளிகளையும் பார்த்துக்கொள்கிறவர்களையும் குழுவில் சேர்ப்பது எப்படி?

வெண்ணாறு:
வணக்கம். நன்னிலம், குடவாசல் பக்கம் பக்கவாதம் வந்து வீட்டிலேயே இருப்பவர்களுக்கு என்ன உதவி தேவை என்று ஓர் ஆய்வு தொடங்குகிறோம். வினாத்தாள் வரைவு தயார். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புமுன், நோயாளிகளும் பார்த்துக்கொள்கிறவர்களும் உள்ள ஆலோசனைக் குழு ஒன்று வைக்க வேண்டும். எத்தனை பேர், எங்கே கூடுவது, பணம் கொடுக்கலாமா? ஒப்புக்குக் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை.

அரசலாறு:
வரைவு தயார் என்பதுதான் முதல் சிக்கல். அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால் எழுத்துப்பிழைதான் திருத்துவார்கள். அதை மூடி வைத்துவிட்டு, "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "தினமும் எத்தனை மணி நேரம் பராமரிக்கிறீர்கள்?" என்று கேட்டால், சமையலுக்கும் மாட்டுக்கும் நடுவே பார்த்துக்கொள்கிறவர் என்ன பதில் சொல்வார்? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருப்பார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், தூக்கிவிட இரண்டாவது ஆள் யார் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அவை அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

எட்டுப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் நோயாளிகள் தனியாக, பார்த்துக்கொள்கிறவர்கள் தனியாக உட்காரட்டும். மனைவி பக்கத்தில் இருந்தால் கணவருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். பேச்சு குழறுகிறவருக்குப் படங்கள், ஆம்/இல்லை அட்டைகள் வையுங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஊராட்சித் தலைவர் யாரும் அங்கே வேண்டாம். உதவித்தொகை மனு விஏஓவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் எதிரே "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அவர்களுக்கு வேறொரு நாள் வையுங்கள்.

குடமுருட்டி:
திங்கள்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். சம்பா நடவிலும் தை அறுப்பிலும் கூலிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரைப் பாதையில் சக்கர நாற்காலி உருளாது.

இடத்தில் கவனம் தேவை. ஊர்த்தெரு மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். சாய்தளமும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உள்ள பள்ளியை விடுமுறை நாளில் கேளுங்கள்.

பணம் கட்டாயம் கொடுங்கள். ஆட்டோ வாடகை, அன்றைய கூலி, வீட்டில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு ஒரு தொகை. இந்த மூன்றாவது விட்டுப்போனால், வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள், அதாவது அதிகம் திண்டாடுகிறவர்கள், வரவே முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. வயலில் உள்ள கூலி வித்தியாசம் இங்கே வேண்டாம். அன்றைக்கே ரொக்கமாகக் கொடுங்கள். கல்லூரிக் கணக்குப் பிரிவு பான் கார்டு, பாஸ்புக் நகல் என்று கேட்கும். வவுச்சரில் கையெழுத்தோ கைரேகையோ போதும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முள்ளியாறு:
சட்டத்தையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6: மாற்றுத்திறனாளிகளை ஆய்வுக்கு உட்படுத்த, அவர்களுக்குப் புரியும் வகையில் விளக்கிப் பெற்ற ஒப்புதலும், அரசு அமைக்கும் ஆராய்ச்சிக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் தரப்பில் ஒருவர் இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பக்கவாதத்தோடு வாழ்கிறவர் அல்ல.

ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் ஆய்வுக்கு உட்படுகிறவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் சொன்னதைத் தரவாக எழுதினால் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து இரண்டு பேரைச் சேருங்கள். டாக்டர் எதிரே "அது நடக்காதுங்க" என்று சொல்ல முதலில் அவர்களுக்குத்தான் வாய் வரும்.

அரசலாறு:
இரண்டு பேர் சரி, அதற்கு மேல் வேண்டாம். சங்கத்தில் மேடை பழகியவர்கள்தான் முன்னால் வருவார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர் சங்கத்திலும் இருக்கமாட்டார். அவர் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

வெண்ணாறு:
எல்லோருக்கும் நன்றி. பட்ஜெட்டில் இதற்கென்று தலைப்பே இல்லை. என்ன செய்வது?

குடமுருட்டி:
கணக்கெடுப்பில் வீடுகளைக் குறைத்து அந்தப் பணத்தை இதற்கு மாற்ற முடியுமா என்று நிதி கொடுப்பவரிடம் எழுதிக் கேளுங்கள். முடியாதென்றால் ஒரே ஒரு கூட்டம் வையுங்கள். அறிக்கையில் "கருத்துக் கேட்டோம்" என்று மட்டும் எழுதுங்கள், "சேர்ந்து வடிவமைத்தோம்" என்று எழுதாதீர்கள். அவர்கள் சொன்னது, அதில் நீங்கள் மாற்றியது, மாற்றாததற்குக் காரணம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொருவர் வீட்டிலும் போய் வாசித்துக் காட்டுங்கள்.