விஎஸ் கோடில் சி++ பிரேக்பாயின்ட் வெற்று வட்டமாகவே நிற்கிறது: ஜிடிபி அமைப்பில் எங்கே பார்ப்பது?

செமிகோலன் எழுதியது:

வணக்கம். சி++ திட்டம் ஒன்று. சீமேக், நிஞ்சா என்ற பில்ட் கருவிகள் இரண்டையும் வைத்து டாக்கர் கன்டெய்னருக்குள் பில்ட் ஆகிறது. சோர்ஸ் ஃபோல்டர் கன்டெய்னருக்குள் /வொர்க் என்ற இடத்தில் மவுன்ட் ஆகியிருக்கிறது. வெளியே அதே ஃபோல்டர் /ஹோம்/பயனர்/திட்டம். கிடைக்கும் பைனரியைக் கன்டெய்னருக்கு வெளியே, உபுன்டு மெஷினிலேயே விஎஸ் கோடிலிருந்து டீபக் செய்ய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் சி/சி++ எக்ஸ்டென்ஷன் போட்டாயிற்று. லான்ச்.ஜேசன் கோப்பில் டைப் 'சிபிபிடிபிஜி', எம்ஐமோட் 'ஜிடிபி' (டீபக்கர்). பில்ட் டைப் 'ரெல்வித்டெப்இன்ஃபோ' (ஆப்டிமைஸ் செய்து, டீபக் தகவலும் சேர்ப்பது). இருக்கும் சிக்கல்கள்:

எஃப்5 அழுத்தினால் நிரல் கடைசிவரை ஓடி முடிந்துவிடுகிறது. பிரேக்பாயின்டின் (நிரல் நிற்க வேண்டிய இடம்) சிவப்புப் புள்ளி சாம்பல் நிற வெற்று வட்டமாகிவிடுகிறது. 'ஸ்டாப்அட்என்ட்ரி'யை ட்ரூ ஆக்கினால் மெயினில் நிற்கிறது, ஆனால் மெயின்.சிபிபி கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. அங்கிருந்து ஸ்டெப் செய்தால் பாதி வேரியபிள்களில் 'ஆப்டிமைஸ்ட் அவுட்'. வெக்டரைத் திறந்தால் உள்ளே _எம்_இம்ப்ல், _எம்_ஸ்டார்ட் என்று வருகிறதே தவிர மதிப்புகள் தெரியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸில் அட்டாச் செய்யப் போனால் 'பிட்ரேஸ்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'.

எல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

அடுக்குச்சட்டம் எழுதியது:

நாலும் தனித்தனி (வட்டமும் கோப்பு திறக்காததும் ஒன்றுதான்). ஒன்றை ஒன்று மறைக்கும், அதனால் வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் விஎஸ் கோடை மூடிவிட்டு டெர்மினலுக்குப் போங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் தானாக எதையும் டீபக் செய்வதில்லை. பின்னணியில் ஜிடிபியை '--இன்டர்ப்ரெட்டர்=எம்ஐ' என்று கிளப்பி, நீங்கள் க்ளிக் செய்வதையெல்லாம் எம்ஐ (ஜிடிபியோடு மற்ற நிரல்கள் பேசும் மொழி) கமாண்டாக மாற்றி அனுப்புகிறது; வரும் பதிலைத் திரையில் காட்டுகிறது. டெர்மினலில் ஜிடிபி ஒழுங்காக நின்றால் கோளாறு லான்ச்.ஜேசனில். டெர்மினலிலும் நிற்கவில்லை என்றால் லான்ச்.ஜேசனை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஜேசன் கோப்போடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

'ஃபைல்' கமாண்டை பைனரி மேல் ஓட்டுங்கள். பதிலின் கடைசியில் 'வித் டீபக்_இன்ஃபோ, நாட் ஸ்ட்ரிப்ட்' என்று இருக்க வேண்டும். 'நாட் ஸ்ட்ரிப்ட்' மட்டும் இருந்தால் ஃபங்ஷன் பெயர்கள் உண்டு, வரி எண்கள் கிடையாது. அதாவது -ஜி (டீபக் தகவல் சேர்க்கும் ஆப்ஷன்) இல்லாமல் கம்பைல் ஆகியிருக்கிறது. சீமேக்கில் பில்ட் டைப் எதுவும் தராமல் விட்டால் இதுதான் நடக்கும். அந்த மதிப்பு காலியாக இருக்கும். -ஜியும் சேராது, ஆப்டிமைசேஷன் தரும் -ஓ2வும் சேராது.

பிறகு ஜிடிபியில் பைனரியை ஏற்றி 'லிஸ்ட் மெயின்', அடுத்து 'இன்ஃபோ சோர்ஸ்'. அதில் 'கம்பைலேஷன் டைரக்டரி' என்ற வரியில் என்ன பாதை வருகிறது என்று இங்கே போடுங்கள். உங்கள் விவரத்தைப் பார்த்தால் வட்டம் வெற்றாவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

ஜிடிபி எந்தப் பதிப்பு, கன்டெய்னருக்குள் இருக்கும் ஜிசிசி கம்பைலர் எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லுங்கள். ஜிசிசி 11லிருந்து டீபக் தகவல் தானாகவே டுவார்ஃப் 5 வடிவில் எழுதப்படுகிறது. ஜிடிபி 7 வரிசை அதைப் பார்த்ததும் 'ராங் வெர்ஷன் இன் கம்பைலேஷன் யூனிட் ஹெடர்' என்று கைவிரித்துவிடும். கம்பைலர் புதிது, டீபக்கர் பழசு என்ற ஜோடியே வேண்டாம். மாற்ற முடியாத இடத்தில் -ஜிடுவார்ஃப்-4 கொடுத்துக் கம்பைல் செய்யலாம்.

செமிகோலன் எழுதியது:

'ஃபைல்' பதிலில் டீபக்_இன்ஃபோ இருக்கிறது. ஜிசிசி 13, ஜிடிபி 15. 'லிஸ்ட் மெயின்' போட்டால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. 'இன்ஃபோ சோர்ஸ்' தருவது:

கரன்ட் சோர்ஸ் ஃபைல்: /வொர்க்/சோர்ஸ்/மெயின்.சிபிபி
கம்பைலேஷன் டைரக்டரி: /வொர்க்/பில்ட்

ஆனால் 'பிரேக் மெயின்' என்று ஃபங்ஷன் பெயர் கொடுத்தால் டெர்மினலில் நிற்கிறது.

அடுக்குச்சட்டம் எழுதியது:

எதிர்பார்த்ததுதான். பெயர் சொன்னால் நிற்கிறது, வரி எண் சொன்னால் நிற்பதில்லை என்றால் பாதை பொருந்தவில்லை என்று அர்த்தம். டீபக் தகவலில் /வொர்க்/சோர்ஸ்/மெயின்.சிபிபி என்று பதிந்திருக்கிறது. விஎஸ் கோடோ /ஹோம்/பயனர்/திட்டம்/சோர்ஸ்/மெயின்.சிபிபி, 42வது வரி என்று முழுப் பாதையோடு கேட்கிறது. ஜிடிபிக்கு அப்படி ஒரு கோப்பே தெரியாது. பின்னால் ஏற்றப்படும் ஏதாவது லைப்ரரியில் வரக்கூடும் என்று அந்த பிரேக்பாயின்டை 'பென்டிங்'கில் வைத்துவிடுகிறது. வெற்று வட்டம் என்பது அதுதான்.

டெர்மினலிலேயே சரிபாருங்கள்:

செட் சப்ஸ்டிட்யூட்-பாத் /வொர்க் /ஹோம்/பயனர்/திட்டம்

பிறகு 'லிஸ்ட் மெயின்' போட்டால் நிரல் வரிகள் வர வேண்டும். இடப்பக்கம் பில்ட் நேரத்துப் பாதை, வலப்பக்கம் உங்கள் மெஷினில் இருக்கும் பாதை. திருப்பிப் போட்டாலும் ஜிடிபி எந்த எச்சரிக்கையும் தராது, சும்மா இருந்துவிடும். இன்னொன்று, முழு டைரக்டரிப் பெயராகத்தான் பொருத்தும்: /வொர்க் என்று கொடுத்தால் /வொர்க்ஸ்பேஸ் மாறாது.

டெர்மினலில் சரியானால் அதையே லான்ச்.ஜேசனில் 'சோர்ஸ்ஃபைல்மேப்' என்ற பகுதியில் எழுதுங்கள். அதே வரிசைதான்: சாவி /வொர்க், மதிப்பு உங்கள் பாதை. மதிப்பை வெறும் பாதையாகத் தராமல் 'எடிட்டர்பாத்', 'யூஸ்ஃபார்பிரேக்பாயின்ட்ஸ்' என்ற இரண்டு உறுப்புகளோடு ஆப்ஜெக்டாகக் கொடுத்து, இரண்டாவதை ட்ரூ ஆக்குங்கள். அது ஃபால்ஸ் என்றால் ஸ்டாக்கில் கோப்பு திறக்கும், பிரேக்பாயின்டுக்கு மட்டும் அந்த மாற்றம் செல்லாது. இதில் குழப்பமாக இருந்தால் 'செட்டப்கமாண்ட்ஸ்' பட்டியலில் மேலே உள்ள 'செட் சப்ஸ்டிட்யூட்-பாத்' வரியை அப்படியே ஒரு டெக்ஸ்டாகச் சேர்த்துவிடலாம். ஜிடிபி தானே பாதையை மாற்றிக்கொள்ளும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். டெர்மினலில் பார்த்ததும் எடிட்டரில் நடப்பதும் ஒன்றாக இருக்கும்.

வெக்டர் விஷயமும் அதே பட்டியலில்தான் தீரும். '-எனேபிள்-ப்ரிட்டி-ப்ரின்டிங்' என்று ஒரு டெக்ஸ்ட் சேருங்கள். டெர்மினலில் 'ப்ரின்ட்' போட்டால் மதிப்புகள் அழகாக வரும். எம்ஐ வழியாக வரும்போது இந்த வரியை அனுப்பினால்தான் வரும். டெர்மினலிலும் _எம்_ஸ்டார்ட் என்றே வந்தால் 'இன்ஃபோ ப்ரிட்டி-ப்ரின்டர்' பாருங்கள். பட்டியலில் லிப்எஸ்டிடிசி++ (ஜிசிசியின் சி++ லைப்ரரி) இல்லையென்றால் ஒன்று ஜிடிபி பைத்தான் இல்லாமல் கட்டப்பட்டது, அல்லது நீங்கள் லிப்எஸ்டிடிசி++ஐ ஸ்டாடிக்காக லிங்க் செய்திருக்கிறீர்கள். அந்த ப்ரின்டர்கள் ஷேர்டு லைப்ரரியின் கோப்புப் பெயரைப் பார்த்துத்தான் தானாக ஏறும். ஸ்டாடிக்கில் அந்தக் கோப்பே இல்லை.

'ஆப்டிமைஸ்ட் அவுட்' வராமலிருக்க 'டீபக்' பில்ட் டைப்புக்கு மாறுங்கள். வேறு வழி இல்லை.

கோர்டம்ப் எழுதியது:

"வேறு வழி இல்லை" என்பதை ஏற்க மாட்டேன். முழுத் திட்டத்தையும் -ஓ0வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) கட்டினால் வேகம் மாறும். த்ரெட் சம்பந்தப்பட்ட பிழையாக இருந்தால் டீபக் பில்டில் தலைகாட்டவே காட்டாது. சந்தேகப்படும் ஒரு கோப்பை மட்டும் தளர்த்தினால் போதும். சீமேக்கில் 'செட்_சோர்ஸ்_ஃபைல்ஸ்_ப்ராபர்ட்டீஸ்' வழியாக அந்த ஒரு .சிபிபிக்கு 'கம்பைல்_ஆப்ஷன்ஸ்' -ஓ0 கொடுங்க. கமாண்ட் வரியில் அது -ஓ2வுக்குப் பின்னால் வந்து சேரும், ஜிசிசி கடைசியாக வந்த -ஓவைத்தான் எடுத்துக்கொள்ளும். நிஞ்சாவை '-வி' போட்டு ஓட்டினால் வரிசையைக் கண்ணாலேயே பார்த்துக்கலாம்.

டீபக்கிங்குக்கென்றே மிதமாக ஆப்டிமைஸ் செய்யும் -ஓஜி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஸ்டெப்பிங் பரவாயில்லை, ஆனால் ஜிசிசியில் -ஓஜியிலும் லோக்கல் வேரியபிள்கள் காணாமல் போகும். மதிப்பைப் பார்த்தே ஆகணும் என்றால் -ஓ0தான்.

ரெல்வித்டெப்இன்ஃபோ பற்றி இன்னொன்று: சீமேக் அதற்கு -டிஎன்டீபக்கையும் சேர்த்தே தருகிறது. உங்கள் அசர்ட் வரிகள் எல்லாம் அந்த பைனரியில் இல்லை. அசர்ட் தடுக்கவில்லையே, எல்லாம் சரிதான் என்று நினைத்து மணிக்கணக்கில் வேறு இடத்தில் தேட வேண்டாம்.

எந்த பில்ட் டைப் ஆனாலும் தனித்தனி பில்ட் டைரக்டரி வைத்துக்கொள்ளுங்க. பழைய பைனரியை 'ப்ரோகிராம்' பாதை காட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் புதியதைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சோர்ஸ் கோப்பு பைனரியை விடப் புதிது என்று ஜிடிபி எச்சரித்தால் இதுதான் சங்கதி. 'ப்ரீலான்ச்டாஸ்க்'கில் பில்ட் டாஸ்க்கை இணைத்துவிட்டால் தலைவலி குறையும்.

நூல்முனை எழுதியது:

அட்டாச் பற்றி யாரும் சொல்லவில்லை.

எஃப்5 வேலை செய்து அட்டாச் மட்டும் மறுக்கப்படுவதற்குக் காரணம் கெர்னலின் யாமா என்ற பாதுகாப்புப் பகுதி. ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் பிட்ரேஸ் அழைப்பை அது கட்டுப்படுத்துகிறது. /ப்ராக்/சிஸ்/கெர்னல்/யாமா/பிட்ரேஸ்_ஸ்கோப் கோப்பைப் படியுங்கள். 0 என்றால் ஒரே யூசரின் ப்ராசஸ் எதையும் தொடலாம். 1 என்றால் தனக்குக் கீழே பிறந்த ப்ராசஸ்களை மட்டும். எஃப்5இல் ஜிடிபிதான் நிரலைப் பெற்றெடுக்கிறது, அதனால் தடை இல்லை. உபுன்டுவில் இயல்பாக இருப்பது 1. அதை 2 ஆக்கினால் கேப்_சிஸ்_பிட்ரேஸ் அனுமதி வேண்டும். 3 ஆக்கினால் யாராலும் முடியாது, ரீபூட் செய்யும்வரை திரும்ப மாற்றவும் முடியாது. விளையாட்டுக்குக்கூட 3 எழுதாதீர்கள்.

தற்காலிகமாக ரூட் உரிமையோடு 'சிஸ்சிடிஎல்' வழியாக கெர்னல்.யாமா.பிட்ரேஸ்_ஸ்கோப்=0 போதும். ரீபூட் ஆனால் பழையபடி 1. அதுவே நல்லது, பலர் பயன்படுத்தும் மெஷினில் நிரந்தரமாக 0 வைப்பது அழகல்ல. சிஸ்டம் அமைப்பைத் தொட அனுமதி இல்லையென்றால் உங்கள் நிரலின் தொடக்கத்திலேயே 'பிஆர்சிடிஎல்' அழைப்பில் பிஆர்_செட்_பிட்ரேசர், பிஆர்_செட்_பிட்ரேசர்_எனி கொடுத்து அந்த ஒரு ப்ராசஸுக்கு மட்டும் கதவைத் திறக்கலாம். டீபக் பில்டில் மட்டும் வரும்படி இஃப்டெஃபுக்குள் வையுங்கள்.

ப்ராசஸ் கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தால் யூசர் வேறு. ஸ்கோப் 0 ஆனாலும் மறுக்கும். அந்த நிலையில் ஜிடிபியையும் கன்டெய்னருக்குள் ஓட்டுவது சுலபம். கன்டெய்னரைக் கிளப்பும்போது '--கேப்-ஆட்=சிஸ்_பிட்ரேஸ்' சேருங்கள். உள்ளே ஜிடிபி 'எரர் டிசேபிளிங் அட்ரஸ் ஸ்பேஸ் ரேண்டமைசேஷன்' என்று முனகினால் அது சில சிஸ்டம் அழைப்புகளைத் தடுக்கும் செக்காம்ப் வடிகட்டியின் வேலை. டீபக் நடக்கும், ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரிகள் மாறும், அவ்வளவே.

செமிகோலன் எழுதியது:

செட்டப்கமாண்ட்ஸில் இரண்டு வரியும் சேர்த்தேன். புள்ளி சிவப்பாகவே இருக்கிறது, கோப்பும் திறக்கிறது, வெக்டரும் தெரிகிறது. ஸ்கோப் 1ஆகத்தான் இருந்தது. மாற்றியதும் அட்டாச் ஆகிறது. நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி. டிஎல்ஓப்பன் (ஓடும்போதே லைப்ரரியை ஏற்றும் அழைப்பு) வழியாக ஏற்றப்படும் ப்ளக்இன் கோப்பில் வைக்கும் பிரேக்பாயின்ட் இன்னும் வெற்றாகவே தொடங்குகிறது. மேலும் அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்ட பில்டை எஃப்5இல் ஓட்டினால், முடியும் நேரத்தில் 'லீக்சானிடைசர்' ஃபேட்டல் எரர் தருகிறது. டெர்மினலில் நேராக ஓட்டினால் வருவதில்லை.

கோர்டம்ப் எழுதியது:

ப்ளக்இன் ஏறும்வரை வெற்றாக இருப்பது இயல்பு, அந்த .எஸ்ஓ (ஷேர்டு லைப்ரரி) கோப்பு இன்னும் மெமரியிலேயே இல்லையே. டிஎல்ஓப்பன் முடிந்த அடுத்த வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்துங்க. விஎஸ் கோடின் டீபக் கன்சோலில் '-எக்ஸெக் இன்ஃபோ ஷேர்ட்லைப்ரரி' அடிங்க; '-எக்ஸெக்' முன்னால் போட்டால் எந்த ஜிடிபி கமாண்டும் நேராகப் போகும். ப்ளக்இன் வரியில் 'யெஸ்' மட்டும் இருந்தால் நல்லது, வட்டம் தானாகச் சிவக்கணும். 'யெஸ்' பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் அந்த .எஸ்ஓவில் டீபக் தகவல் இல்லை. ப்ளக்இன்னுக்குத் தனி சீமேக் கோப்பு இருந்தால் அங்கே பில்ட் டைப் காலியா என்று பாருங்க, இல்லையென்றால் இன்ஸ்டால் நேரத்தில் ஸ்ட்ரிப் ஆகிறதா என்று பாருங்க.

இதற்கும் மசியவில்லை என்றால் லான்ச்.ஜேசனில் 'லாகிங்' பகுதியில் 'எஞ்சின்லாகிங்' ட்ரூ. ஜிடிபிக்குப் போகும் ஒவ்வொரு எம்ஐ வரியும் கன்சோலில் கொட்டும். அதில் '-பிரேக்-இன்செர்ட்' என்று தேடுங்க. எந்தப் பாதையோடு போகிறது, பதில் என்ன வருகிறது என்பது அப்படியே தெரியும்.

நூல்முனை எழுதியது:

சானிடைசர் பிழை உங்கள் நிரலினுடையது அல்ல. லீக் தேடும் பகுதி தானே பிட்ரேஸைப் பயன்படுத்தித்தான் மற்ற த்ரெட்களை நிறுத்துகிறது. ஒரு ப்ராசஸை ஒரே நேரத்தில் ஒருவர்தான் ட்ரேஸ் செய்ய முடியும், அந்த இடத்தில் ஏற்கெனவே ஜிடிபி உட்கார்ந்திருக்கிறது. லான்ச்.ஜேசனின் 'என்விரான்மென்ட்' பட்டியலில் நேம் 'ஏசான்_ஆப்ஷன்ஸ்', வேல்யூ 'டிடெக்ட்_லீக்ஸ்=0' சேருங்கள். எல்லை மீறும் ரைட், ஃப்ரீ செய்த மெமரியைத் தொடுவது போன்றவற்றை அட்ரஸ் சானிடைசர் வழக்கம்போல் பிடிக்கும். லீக் சோதனையை மட்டும் டீபக்கர் இல்லாமல் தனியாக ஓட்டிக்கொள்ளுங்கள்.