ஆஸ்பர்ன் மாளிகையின் பழைய படம்: கோபுரம் இவ்வளவு நேராக நிற்பது எப்படி?

நாகர்கோவில் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில் விக்டோரியா அரசிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் கட்டப்பட்ட ஆஸ்பர்ன் மாளிகையின் மிகப் பழைய புகைப்படம் ஒன்றின் நகல் என்னிடம் உள்ளது. இத்தாலிய மாளிகைகளைப் பின்பற்றியது என்பது இரு கோபுரங்களைக் கண்டவுடன் புலப்படுகிறது. நம் மணிமேடை மணிக்கூண்டைத் தரையில் நின்று கைப்பேசியில் எடுத்தால் உச்சி குறுகிப் பின்னால் சாய்ந்தது போல் விழுகிறது. இப்படத்திலோ கோபுரத்தின் விளிம்புகள் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நிற்கின்றன. இது எப்படி? சுவர் வெட்டுக்கல்லா, பூச்சா? படம் எக்காலத்தது என்று கணிக்க இயலுமா?

தக்கலை வாசகர்:
அக்காலப் பெட்டிக் கேமராவில் லென்ஸ் பொருத்திய முன்பலகையைத் தனியே மேலே உயர்த்த முடியும். உயரத்தைப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து சாய்க்க வேண்டியதில்லை. படம் பதியும் கண்ணாடித் தகடு சுவருக்கு இணையாகவே நிற்பதால் கோடுகள் குறுகுவதில்லை. சுவரின் நிறத்தை மட்டும் அப்படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை (கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுக்கும் முறை) நீல ஒளியையே நன்கு பதிந்தது. மஞ்சளும் சிவப்பும் உண்மையில் இருப்பதைவிடக் கறுத்து விழும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

மார்த்தாண்டம் வாசகர்:
கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சுவரைப் பற்றி எழுதுகிறேன். அது வெட்டுக்கல் அன்று. தாமஸ் கியூபிட் செங்கல்லால் கட்டி, பாத் நகரத்துக் கல்லைப் போலத் தோன்றுமாறு மேலே சிமென்டு பூசினார். எங்கள் பாட்டனார் வீட்டு முகப்பிலும் சுண்ணாம்புச் சாந்து காயுமுன் கொத்தனார் கரண்டி முனையால் கோடிழுத்துக் கல் வரிசை போலவே காட்டியிருந்தார். சிறுவயதில் அதைக் கல்லென்றே நம்பியிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல் சுவரில் விரிசல் பெரும்பாலும் இணைப்புகளின் வழியே ஏறும். பூச்சில் இழுத்த கோட்டை அது பொருட்படுத்தாமல் குறுக்கே வெட்டிச் செல்லும்.

கூரையையும் கவனியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் ஓட்டுக் கூரை நம் மழைக்கேற்ப நன்றாகச் சரிந்து தாழ இறங்குகிறது. இத்தாலியப் பாணியில் சரிவு குறைவு. ஆகவே கட்டடத்திற்கு உயரத்தின் மிடுக்கைத் தருபவை கோபுரங்களே.

குளச்சல் வாசகர்:
காலத்தைக் கட்டடமே சொல்லும். 1845இல் தொடங்கிய பணியில் அரச குடும்பம் வாழ்ந்த பகுதி 1846இல் முடிந்தது. மணிக்கூண்டு உள்ள பகுதியோடு மாளிகை முழுமை பெற்றது 1851இல். லாகூர்க் கலைப்பள்ளியின் பாய் ராம் சிங் வடிவமைத்த அலங்காரங்கள் கொண்ட தர்பார் கூடப் பகுதி 1890களின் தொடக்கத்தில் சேர்ந்தது. அது நிற்க வேண்டிய இடம் படத்தில் வெறுமையாக இருந்தால் அதற்கு முந்தைய படம்.

நாகர்கோவில் வாசகர்:
மூவருக்கும் மிக்க நன்றி. இரு கோபுரங்களும் இருப்பதால் 1851க்கு முந்தையதாக இருக்க முடியாது. படம் தோட்டத்துப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதால் தர்பார் கூடப் பகுதி இருந்தாலும் மறைவில்தான் இருக்கும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது, கீழ்த்தளச் சன்னல் ஒன்றின் மேல் மூலையிலிருந்து கிளம்பிய விரிசல் மூன்று கோடுகளைக் குறுக்கே தாண்டிச் செல்வதைக் கண்டேன்.