சீருடை இல்லாமல் ஏறிய முதல் படகு

இந்திய கடலோரக் காவல் படையில் 1983-இல் நாவிக் எனும் தொடக்கநிலை மாலுமியாகச் சேர்ந்து, 35 ஆண்டுகளுக்குப் பின் மாலுமிகளுக்கான உயர்ந்த பதவியான பிரதான் அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். எங்களைக் கடற்படை என்றும், தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். என் மாமனாரே கடைசிவரை என்னை 'நேவி மாப்பிள்ளை' என்றுதான் அறிமுகப்படுத்தினார். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தனிப்படை அது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் முப்படைகளுள் ஒன்றாகக் கணக்கில் வராது. பணியில் இருந்தவரை இதை நான் பொருட்படுத்தியதில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஒரு வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தபோது, அந்த வரையறை தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கு மட்டுமே உரியது என்று சொல்லி, மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் என் கோப்பை மெதுவாக என் பக்கமே தள்ளினார்.

வணிகக் கப்பலுக்குப் போகலாம் என்றால், அதற்கு எஸ்.டி.சி.டபிள்யூ. எனும் சர்வதேச மாலுமிப் பயிற்சி விதிகளின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். படையில் பல ஆண்டுகள் இளம் மாலுமிகளுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தவன், இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் அமர்ந்து தீ எத்தனை வகைப்படும் என்று குறிப்பெடுத்தேன். உயிர்காப்பு மேலங்கியுடன் நீச்சல் குளத்தில் குதிக்கும் நாளில், பயிற்றுநர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது, குதிப்பதில் ஒன்றுமில்லை.

இறுதியில் கப்பலுக்குப் போகவில்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததே, அப்போது தூய்மைப் பணியில் இருந்தவன் நான். கடல்நீருடன் கலந்து களிம்பாக இறுகிவிட்ட எண்ணெயை இயந்திரங்கள் போதிய அளவு உறிஞ்சவில்லை. பாறைகளின்மேல் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளிக் கைமாற்றினோம். மாலையில் வாளியை வைத்த பிறகும் விரல்கள் கைப்பிடியைப் பிடித்தபடியே மடங்கியிருக்கும். அந்த அனுபவத்தைக் கேட்டறிந்துதான் எண்ணெய்க் கசிவுத் தடுப்புப் பணி செய்யும் ஒரு தனியார் நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. வேலை நல்ல வேலைதான். சொல்வதற்கு அதில் அதிகமில்லை.

நான் பகிர விரும்பியது வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும் அல்லவா, அப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவியைப் பற்றி விளக்க ஒரு முறை அழைத்தார்கள். தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என்று நிலைமைக்கேற்ற பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலுள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் படகின் இருப்பிடத்தோடு செய்தி போகும். இதைச் சொல்லி முடித்ததும், கருவியைக் காட்டுங்கள் என்று ஒரு படகில் ஏறினேன். அதை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். எல்லையைத் தாண்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. பொத்தானை அழுத்தாமல் அது எதையும் அனுப்பாது என்று எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று வயதான ஓட்டுநரைக் கேட்டேன். நேரடியாகப் பதில் சொல்லாமல், நீங்கள் சோதனைக்கு வரும்போதெல்லாம் பூட்ஸ் காலோடு வலையின்மேல் நிற்பீர்கள், அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஜெமினி ரப்பர் படகிலிருந்து, அலை தூக்கும் நொடி பார்த்துத் தாவி ஏறுபவனுக்குக் கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நேரமிருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏறிய பிறகு பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டைகள், உயிர்காப்பு மேலங்கிகளின் எண்ணிக்கை என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். ஒருமுறைகூடக் கீழே பார்த்ததில்லை.

*

ஐயா, வணக்கம். நான் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். நீங்கள் எழுதியதைப் படித்தேன். கருவியைப் பற்றிய அந்த அச்சத்துக்கு எல்லை மட்டும் காரணமில்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஓர் ஐப்பசி மாதத்தில் கியர்பாக்ஸ் உடைந்து, நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. வி.எச்.எஃப். வானொலியில், ஆபத்து அழைப்புக்குரிய பதினாறாம் அலைவரிசையில் அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கரை தொலைவில் இருந்ததால் எவருக்கும் எட்டவில்லை. பிறகு கருவியின் பொத்தானை அழுத்தினார். பழைய கருவி என்பதால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பதில் வராது. பின்னால் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், கிடைத்துவிட்டது என்ற ஒப்புதல் படகுக்குத் திரும்பி வரும் வசதி உண்டு. கேட்டதோ இல்லையோ என்று விடிய விடிய அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அந்த இரவைக் கழித்தவர்கள் கருவியை நம்பவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

மறுநாள் காலை பத்து மணி அளவில் வெள்ளைக் கப்பல் தெரிந்தது. ஒலிபெருக்கியில் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதுதான். ஏழு பேர் என்று விரல்களைக் காட்டினோம். இரண்டு மாலுமிகள் ஏறி, ஒருவர் தண்ணீர்ப் புட்டிகளைக் கொடுத்தார், மற்றவர் இழுவைக் கயிற்றைக் கட்டினார். அவரும் பூட்ஸ் காலோடு வலையின்மேல்தான் நின்றார், ஐயா. அன்றைக்கு அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை.