புதுப்பிப்பு: நானோதுகள் கலந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் – அளவு மாறியதற்குக் காரணம் ஈரம்

டைட்டானியம் டை ஆக்சைடு நானோதுகள் கலந்த எண்ணெயின் மின்கடத்துதிறன் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறு வேறாக வருகிறது என்று கேட்டிருந்தேன். சிக்கல் தீர்ந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ஒலியிக் அமிலத்தைக் குறைத்துப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. "தூளை உலர்த்துங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 110 டிகிரி ஓவனில் இரவு முழுக்க வைத்து, எண்ணெயில் போட்டு மீயொலியால் கலக்கி, அப்புறம் வெற்றிடத்தில் வைத்தேன். மேலே நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. இப்போது மூன்று மாதிரிகளும் ஒத்துப்போகின்றன.

எதிர்பாராதது ஒன்று: அளப்பதற்காக டிசி (ஒரே திசை) மின்னழுத்தம் கொடுத்ததும் மின்னோட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, அயனிகள் மின்முனைகளில் போய் ஒதுங்குவதால். எனவே எந்த நொடியில் குறிக்கிறோம் என்பது முக்கியம். மின்காப்புத் திரவங்களை அளப்பதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60247 சொல்கிறபடி 60ஆவது நொடியில் குறியுங்கள்.